ஆங்கிலச் சொல்லின் பிறந்த ஊரைத் தேடிப் போவது எப்படி?

'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய 'காசு'தான் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஒலி பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்றுதான் தோன்றும். நல்ல ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு 'கேஷ்' இருக்கும். அவற்றில் ஒன்று நம் காசிலிருந்து போனது, சந்தேகமே இல்லை. ஆனால் கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் அது இல்லை.

சொற்பிறப்பு தேடும் ஆசை தமிழர்களுக்கு நிறையவே உண்டு. அது நல்ல ஆசை. அதற்கான வழிமுறையை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தராததால், காதுக்குப் பட்ட ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த, மொழியியல் படிக்காத ஒருவர் தம் கைபேசியையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு ஒரு சொல்லை எப்படிப் பின்தொடரலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவிகள்

பொது அகராதி எதுவும் தொடக்கத்துக்குப் போதும். மெரியம்-வெப்ஸ்டர் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சுருக்கமான பிறப்புக் குறிப்பும், அந்தச் சொல் எழுத்தில் முதலில் தென்பட்ட ஆண்டும் இருக்கும். சொற்பிறப்புக்கென்றே உள்ள ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி இன்னும் விரிவானது, எளிய நடையில் எழுதப்பட்டது. புதியவர்கள் இந்த இரண்டோடு தொடங்கலாம்.

இவற்றுக்கெல்லாம் பெரியது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் முதல் பதிப்பு முடிந்தது. அதில் ஏறத்தாழப் பாதியைத் தொகுத்த ஜேம்ஸ் மரே வேலை முடியும் முன்பே, 1915இல் காலமாகிவிட்டார். அந்த அகராதியின் அருமை, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு போட்ட மேற்கோள்களை வரிசையாக அடுக்கிக் காட்டுவது. பல நாடுகளிலிருந்து வாசகர்கள் தாம் படித்த நூல்களிலிருந்து வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அஞ்சலில் அனுப்பி வைத்தார்கள். அவைதான் அந்த மேற்கோள்கள். முழு அகராதிக்குச் சந்தா கட்ட வேண்டும். பெரிய நூலகங்களில் அச்சுப் பதிப்பைப் பார்க்கலாம்.

தமிழ்த் தொடர்பு இருக்குமோ என்று சந்தேகிக்கும் சொல்லுக்கு இன்னும் மூன்று நூல்கள் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி. இதன் 1984ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன். இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களுக்கான அகராதி இது. யூலும் பர்னெலும் தொகுத்தார்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். நம் ஊரிலேயே காது கொடுத்துக் கேட்ட மனிதர் என்பதால் அந்த நூலின் மேல் எனக்குத் தனி மரியாதை. மூன்றுமே சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன.

பதிவை எப்படி வாசிப்பது?

அகராதிப் பதிவில் புதியவர்கள் தடுமாறுவது குறியீடுகளில்தான். நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒரே எழுத்துக்கூட்டுள்ள சொல்லின் தலையில் 1, 2 என்று சிறிய எண் போட்டிருந்தால் அவை வெவ்வேறு சொற்கள். தமிழ் லெக்சிகனிலும் இதே வழக்கம் உண்டு. இடப்பக்கம் கூர்மையான கோணக்குறி '<' வந்தால், அதற்கு வலப்பக்கம் இருப்பது மூலம் என்று பொருள். உடுக்குறி (*) போட்ட சொல், எழுத்தில் எங்கும் கிடைக்காதது. பல மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்த வடிவம். நான்காவதுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது: 'ஒப்பிடுக' என்ற பொருளில் வரும் இரண்டெழுத்துச் சுருக்கம் (cf.). ஒரு சொல்லின் பதிவில் "வடமொழியில் இன்னதை ஒப்பிடுக" என்று இருந்தால், வடமொழியிலிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. இரண்டும் உறவுச் சொற்களாக இருக்கலாம் என்பது மட்டுமே அதன் பொருள். அண்ணனைத் தகப்பன் என்று எழுதிவிடக் கூடாது.

இப்போது 'கேஷ்' பதிவுக்கு வருவோம். எண் 1 போட்ட கேஷ், ரொக்கப் பணம். பிரெஞ்சின் 'கேஸ்', இத்தாலியின் 'காஸா' ஆகியவற்றின் வழி வந்தது. அவற்றுக்கும் மூலம் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல், பெட்டி என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. பணம் வைக்கும் பெட்டியின் பெயரே பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் ஆகிவந்தது. நாமும் "கல்லாவில் எவ்வளவு இருக்கிறது?" என்கிறோம், "இன்றைக்குக் கல்லா நன்றாகக் கட்டியது" என்றும் சொல்கிறோம். பெட்டி பணமாக மாறும் நடை நமக்குப் புதிதில்லை.

எண் 2 போட்ட கேஷ்தான் நம்முடையது. தமிழின் காசு போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சிறிய செப்புக் காசைக் குறித்தது. சென்னையில் கம்பெனியார் 1818 வரை இந்தக் கணக்கில்தான் வரவு செலவு எழுதினார்கள்: 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். பிறகு அந்தச் சொல் கிழக்கே கப்பலேறியது. சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைப்பார்களே, அந்த நாணயங்களுக்கு இன்றுவரை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றுதான் பெயர். சீன நாணயத்தை ஆங்கிலேயன் தமிழ்ப் பெயரால் அழைக்கிறான்! இவ்வளவு நல்ல உண்மைக் கதை இருக்கும்போது, ரொக்கக் கேஷையும் நமதென்று இழுக்க வேண்டிய தேவை என்ன?

ஆண்டைப் பாருங்கள்

பதிவில் முதலில் கண் போக வேண்டிய இடம் ஆண்டு. ஒரு சொல் ஆங்கிலத்தில் நுழைந்த காலத்தில், நீங்கள் மூலம் என்று நினைக்கும் மொழிக்காரரோடு ஆங்கிலேயருக்கு நேரடியாகவோ வேறொருவர் வழியாகவோ தொடர்பு இருந்ததா? இல்லையென்றால் ஒலி எவ்வளவு பொருந்தினாலும் கைவிட வேண்டியதுதான்.

இது எல்லாருக்கும் பொதுவான நியாயம். 'கறி'யிலிருந்து 'கர்ரி' வந்தது என்று நாம் சொன்னால், சில ஆங்கிலேயர், 1390 வாக்கில் எழுதப்பட்ட தங்கள் பழைய சமையல் சுவடியிலேயே 'க்யூரி' என்ற சொல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது சமைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளை. எந்தச் சமையலுக்கும் பொதுப்பெயர். குழம்பும் தொடுகறியும் என்ற பொருளில் 'கர்ரி' வருவது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், போர்த்துகீசியரின் இந்தியப் பயணச் செய்திகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட காலத்தில். இந்த முறை ஆண்டு நம் பக்கம் நிற்கிறது.

இரண்டு பக்கமும் பின்னோக்கி நடங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

'ஒன்' என்ற ஆங்கில எண்ணும் நம் ஒன்றும் ஒன்றே, 'எய்ட்' என்பதும் எட்டும் ஒன்றே என்ற செய்தி கைபேசிகளில் ஓயாமல் சுற்றுகிறது. இன்றைய வடிவங்களை இன்றைய வடிவங்களோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். இரண்டையும் அவற்றின் பழைய வடிவங்களுக்குக் கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.

ஆங்கில ஒன்றுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்று பெயர். லத்தீனில் 'ஊனுஸ்'. இன்று 'ஒன்' என்று சொல்லும்போது முன்னால் கேட்கும் வகர ஒலி 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வட்டார வழக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய ஒலியை 'அலோன்', 'ஓன்லி' என்ற சொற்களில் இன்றும் கேட்கலாம். இரண்டுக்குள்ளும் இருப்பது அதே ஒன்றுதான். தமிழ்ப் பக்கம் ஒன்றுக்குக் கன்னடத்தில் 'ஒந்து', மலையாளத்தில் 'ஒந்நு'. பெயரடையாக வரும்போது 'ஒரு'. பின்னோக்கிப் போகப் போக இரண்டு பாதைகளும் விலகுகின்றன.

எட்டு இன்னும் தெளிவு. ஆங்கில எட்டின் பழைய வடிவம் 'ஏஅஹ்த'. ஜெர்மனில் 'ஆக்ட்', லத்தீனில் 'ஆக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. இவையெல்லாம் ஒரு குடும்பம். நம் எட்டோ? எட்டுப் பத்துகளை நாம் எட்டுபது என்பதில்லை, எண்பது என்கிறோம். கன்னடத்தில் எட்டுக்கே 'எண்ட்டு' என்றுதான் பெயர். நம் எட்டுக்குள் ஒளிந்திருப்பது 'எண்'. ஒரு பக்கம் 'அக்த' போன்ற ஒலி, மறுபக்கம் 'எண்'. இன்று முகம் ஒத்திருக்கும் இருவரின் தாத்தாக்களுக்கும் ஒற்றுமையே கிடையாது.

தற்செயல் ஒற்றுமை அவ்வளவு அரிதும் அல்ல. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பபரத்தில் நாய்க்கு 'டாக்' என்றுதான் பெயர். ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டால் அது உள்ளூரிலேயே தேய்ந்து உருவான சொல் என்று தெரிகிறது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கிலத்தின் 'பேட்' அதற்கு உறவே இல்லை. உலகில் இத்தனை ஆயிரம் மொழிகள், ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் சொற்கள், வாயால் எழுப்பக்கூடிய ஒலிகளோ சில பத்துகள். எங்காவது இரண்டு மோதிக்கொள்ளத்தானே செய்யும்?

உறவா, கடனா?

தற்செயல் இல்லை என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி இது. ஒரே தாய்மொழியிலிருந்து இரண்டு மொழிகளுக்கும் இறங்கி வந்திருந்தால் இனச்சொல். ஒரு மொழியிடமிருந்து மற்றது வாங்கியிருந்தால் கடன்சொல்.

1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று உரையாற்றினார். ஆங்கிலமும் அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை. தமிழும் அதன் உடன்பிறப்புகளும் வேறு குடும்பம் என்பதை 1816இல் சென்னையில் எல்லிஸும், 1856இல் விரிவாகக் கால்டுவெல்லும் நிறுவினார்கள். ஆகவே ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் பிறப்பால் உறவு இருப்பதாக இதுவரை யாரும் மெய்ப்பிக்கவில்லை. கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆனால் தமிழில் புழங்கும் வடசொற்களுக்கு ஆங்கிலத்தில் இனச்சொற்கள் ஏராளம். மாதா–மதர், நாமம்–நேம், மூஷிகம்–மவுஸ்.

இனச்சொல்லை ஒலி ஒற்றுமையை வைத்தல்ல, ஒழுங்கான ஒலி வேற்றுமையை வைத்தே அடையாளம் காண வேண்டும். 1822இல் யாக்கோப் கிரிம் இதை விதியாக வகுத்துச் சொன்னார். லத்தீனிலும் வடமொழியிலும் சொல் முதலில் பகரம் வந்தால், ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லில் அந்த இடத்தில் 'ஃப' வரும்: பிதா–ஃபாதர், பாதம்–ஃபுட், பஞ்ச–ஃபைவ். லத்தீனின் ககரம் ஆங்கிலத்தில் ஹகரம்: கொம்புக்கு அங்கே 'கார்னு', இங்கே 'ஹார்ன்', நூறுக்கு அங்கே 'கென்டும்', இங்கே 'ஹண்ட்ரட்'. ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் விபத்து, வரிசையாக நடந்தால் விதி.

இந்த விதி இன்னொரு வேலையும் செய்யும். மிதிவண்டியில் கால் வைக்கும் 'பெடல்' பகரத்தில் தொடங்குகிறதே, அதுவும் கால் தொடர்பானதுதானே என்று கேட்டீர்களானால் நல்ல கேள்வி. ஆங்கிலம் தன் சொந்த 'ஃபுட்' இருக்கும்போதே, லத்தீன் காலையும் பிரெஞ்சு வழியாக வாங்கி வைத்துக்கொண்டது. ஒலி மாறியிருந்தால் வீட்டுப் பிள்ளை, மாறாமல் இருந்தால் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த விருந்தாளி.

'நேவி' நம் நாவாயிலிருந்து வந்தது என்பவர்களுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. லத்தீனில் 'நாவிஸ்', கிரேக்கத்தில் 'நவுஸ்', வடமொழியில் 'நௌ'. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த பாதை பழுதில்லாமல் தெரிகிறது. நாவாய்க்கும் வடமொழி நௌவுக்கும் என்ன உறவு என்று விசாரிக்கலாம். அது தனி வழக்கு.

எந்தத் துறைமுகம்?

கடன்சொல் என்று தெரிந்தால், எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். எனக்கு இதில்தான் சுவை அதிகம்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தபின் ஒரு நூறாண்டு, இந்தியச் சொற்கள் ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் போர்த்துகீசியர் கையால்தான் போயின. அவர்கள் முதலில் இறங்கியது மலையாளக் கரை. அதனால் மாங்காய், தேக்கு, வெற்றிலை, கயிறு, கொப்பரை என்ற நமக்கும் மலையாளிகளுக்கும் பொதுவான சொற்கள் அந்தக் கரையிலிருந்தே 'மேங்கோ', 'டீக்', 'பீட்டல்', 'காயர்', 'கொப்ரா' ஆயின. அகராதி 'மலையாளம்' என்று எழுதியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். சொல் கப்பலேறிய கரையைத்தான் அது குறிக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தபின் கிழக்குக் கரைச் சொற்கள் போகத் தொடங்கின. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. இன்று அந்த ஆங்கிலச் சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மீனவர் கலத்துக்கும் அதற்கும் பெயர் மட்டுமே மிச்சம். சுருட்டு 'ஷெரூட்' ஆனது. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி, இறைச்சியும் அரிசியும் போட்ட சூப்பாக உருமாறியது.

பறையர் என்ற சமூகப் பெயரும் அதே வழியில் போய், ஊராரால் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைக் குறிக்கச் செய்தித்தாள்கள் அதை இன்றும் கூசாமல் எழுதுகின்றன. பறை என்ற இசைக்கருவியின் பெயரோடு சேர்ந்து நிற்கும் ஒரு மக்கட் பிரிவின் பெயர் அது என்று தெரிந்தபின் நான் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எழுதுவதை நிறுத்திவிட்டேன். அகராதி பார்ப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

எல்லாவற்றிலும் நெடுந்தூரம் நடந்தது இஞ்சி. போர்த்துகீசியருக்கெல்லாம் மிக முந்தைய பயணம் அது. ஆங்கில 'ஜிஞ்சர்' பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அங்கே லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனுக்குக் கிரேக்கத்தின் 'சிங்கிபெரிஸ்'. கிரேக்கத்துக்குப் பாலியின் 'சிங்கிவேர' போன்ற ஒரு வடிவம். அந்தச் 'சிங்கிவேர' நம் இஞ்சியும் வேரும் சேர்ந்தது. தமிழ் இஞ்சிக்கு முன்னால் ஒரு சகரம் இருந்து உதிர்ந்துவிட்டது என்பது அறிஞர் கணிப்பு. வடமொழிக்காரர் இந்தச் சொல்லைத் தமக்குப் புரியும்படி 'சிருங்கவேர' ஆக்கி, கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள் சொல்லிக்கொண்டார்கள். கேள்விப்பட்ட அயல்சொல்லைத் தன் மொழியில் பிரித்துப் பொருள் காணும் பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள். 1952இல் இந்த ஒரு சொல்லின் பயணத்துக்கென்றே இங்கிலாந்தில் ஆலன் ராஸ் ஒரு தனி நூல் எழுதினார்.

'ரைஸ்'–அரிசி பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கிரேக்கத்தின் 'ஒரூசா' வரை பாதை தெளிவு. அதற்கப்பால் ஈரானிய மொழிகளையும் வடமொழி 'வ்ரீஹி'யையும் காட்டுவோர் பலர், திராவிட மூலத்தைக் காட்டுவோர் சிலர். நோட்டில் இதற்கு எதிரே 'முடியவில்லை' என்று எழுதி வையுங்கள்.

பொருள் நகர்ந்ததைக் கவனியுங்கள்

வடிவம் கிடைத்துவிட்டது, ஆனால் பொருள் பொருந்தவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். சங்கப் பாடல்களில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் சாக்கடையைத் தேடுவார்கள். ஆங்கிலச் சொற்களும் இப்படித்தான் புரண்டிருக்கின்றன.

'நைஸ்' லத்தீனின் 'நெஸ்கியுஸ்', அறியாதவன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது முட்டாள் என்றே பொருள். அங்கிருந்து, சின்னச் சின்ன விஷயத்துக்கும் அலட்டிக்கொள்பவன், நுணுக்கம் பார்ப்பவன், நுட்பமானது என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் இனிமையானது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. 'சில்லி' நேர் எதிராகப் போனது: பேறு பெற்றவன் என்று தொடங்கி அசடு என்று முடிந்தது. 'கேர்ள்' இடைக்கால ஆங்கிலத்தில் ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் பொது.

'டீர்' பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்கையும் குறிக்கும். பிறகு மானாகச் சுருங்கியது. வடமொழியின் 'ம்ருக'வும் விலங்குக்கும் மானுக்கும் நடுவே ஆடிய சொல். தமிழில் மிருகம் என்றால் எல்லா விலங்கும். ஆனால் மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரில் இருப்பது மான் தலை. 'மீட்' முன்பு உணவு எதையும் குறித்தது. இதை நம்பத் தயக்கமாக இருந்தால் நம் கறியைப் பாருங்கள். அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர் கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்புகிறது; அந்தக் கறி மிளகு. கறிகாய் என்றால் காய். கறிக்கடை என்றால் இறைச்சி. ஒரு சொல் இத்தனையும் சுமக்க முடிகிறது.

இனிக்கும் கதைகளிடம் எச்சரிக்கை

ஒரு சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரிவு சொல்லும் கதை வந்தால் முதலில் நம்பாதீர்கள். 'நியூஸ்' நான்கு திசைகளின் முதலெழுத்து என்பார்கள். அது 'நியூ' என்பதன் பன்மை, புதியவை என்று பொருள். பிரெஞ்சிலும் செய்திக்குப் புதியவை என்றே பெயர். இந்தியாவுக்குக் கப்பலில் வந்த செல்வந்தர்கள் போகும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் அறை கேட்டதால் 'போஷ்' பிறந்தது என்பார்கள்; அந்த எழுத்துகள் அச்சிட்ட பயணச்சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் பழக்கம். 'ரேடார்', 'லேசர்' அப்படிப் பிறந்தவைதாம். அதற்கு முந்தைய சொல்லுக்கு இப்படிக் கதை வந்தால் பத்தில் ஒன்பது பிற்காலக் கற்பனை.

'சேலரி'யின் மூலமான 'சலாரியும்' உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு சேர்ந்தது என்பது சரி. ரோமப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்பதற்குப் பழைய நூல்களில் சான்று இல்லை. நம் சம்பளத்தையும் சம்பா, அளம் என்று பிரித்து நெல்லும் உப்பும் என்பார்கள். வடமொழியில் 'சம்பல' என்றால் வழிப்பயணத்துக்கான உணவு. அந்தச் சொல்லைக் கணக்கில் எடுக்காமல் பிரித்துப் பொருள் சொல்வது அவசரம்.

எழுத்துக்கூட்டையும் கண்மூடி நம்பக் கூடாது. 'டெட்' என்று ஒலிக்கும் கடன் என்ற சொல்லின் நடுவே வரும் ஊமை எழுத்து, லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பண்டிதர்கள் பின்னர் செருகியது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லின் ஊமை எழுத்து அதைவிட மோசம். தவறான உறவை நினைத்துச் செருகியது.

நோட்டில் எழுதிப் பழகுங்கள்

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே சொல், கீழே முதலில் தென்பட்ட காலம், அன்றைய வடிவம், அன்றைய பொருள், வந்த வழி, பார்த்த அகராதியின் பெயர். கடைசியில் ஒரு வரி: உறவா, கடனா, தற்செயலா, முடியவில்லையா. இரண்டு அகராதிகள் ஒத்துச் சொல்லும்வரை பென்சிலால் எழுதுங்கள்.

'பஸ்' முதல் பக்கத்துக்கு ஏற்றது. 1820களில் பிரான்சின் நாந்த் நகரில் எல்லாரும் ஏறிக்கொள்ளும் குதிரை வண்டி ஓடியது; 'ஆம்னிபுஸ்' என்று பெயர். 1829இல் லண்டனுக்கும் வந்தது. லத்தீனில் 'ஆம்னி' எல்லாம், 'புஸ்' நான்காம் வேற்றுமை உருபு. எல்லாருக்கும் என்ற சொல்லில் முன்பகுதியை விட்டுவிட்டு, "நான் க்குமில் போகிறேன்" என்று சொல்வது போன்றது "பஸ்ஸில் போகிறேன்" என்பது.

இரண்டாம் பக்கத்துக்கு 'விண்டோ'. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியில் 'விந்தவுக', காற்றின் கண். அதற்கு முன் ஆங்கிலேயர் சன்னலைக் கண்துளை என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். இதை எழுதிவிட்டுச் சிலப்பதிகாரத்தைத் திறந்தால் புகாரின் மாளிகைகளில் மான்கண் வடிவில் 'காலதர்' இருக்கும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இரண்டு மொழிக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவுமில்லை. சுவரில் ஓட்டை வைத்தவனுக்கு இரண்டு இடத்திலும் காற்றும் கண்ணும் நினைவுக்கு வந்திருக்கின்றன. இதை 'தற்செயல்' வரியில்தான் எழுத வேண்டும், ஆனாலும் நான் அந்தப் பக்கத்தை அடிக்கடி புரட்டிப் பார்ப்பேன்.

அதன்பின் 'டீ', 'காஃபி', 'மலேரியா', 'குவாரண்டைன்', 'ரோபோ', 'மசில்' என்று போகலாம். ஒவ்வொன்றும் ஒரு மாலைப்பொழுதுக்குக் குறையாது.

'டாக்' என்ற சொல்லையும் ஒருநாள் தேடிப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் 'டொக்க' என்று மிக அரிதாகத் தென்படுகிறது. அன்று நாய்க்கு வழக்கமான சொல் இன்றைய 'ஹவுண்ட்'. இந்த டொக்க எங்கிருந்தோ வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. பக்கத்து மொழிகளில் உறவில்லை, லத்தீனில் இல்லை, எங்கும் இல்லை. ஆங்கிலம் படிக்கும் குழந்தை முதல் வாரத்தில் கற்கும் இந்தச் சொல்லுக்கு எதிரே அகராதிகள் பிறப்பு தெரியவில்லை என்றே எழுதியிருக்கின்றன. நீங்களும் அப்படியே எழுதி, கீழே இரண்டு விரல் இடம் விட்டு வையுங்கள்.